கையெழுத்தும் தாளமும்

1

ஸோல், ஃபங்க் இசைத்தட்டுகளில் முதலில் கேட்க வேண்டியவை எவை என்று கேட்டு, கவிதை எழுதும் நண்பர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். பத்துப் பெயர்கள் போதும் என்றார். பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பட்டியல் என்பது ரஸனையைச் சுருக்கெழுத்தில் எழுதிக் கொடுக்கிற காரியம். வாங்கிக் கொள்கிறவன் அதை விரித்துப் படிக்கத் தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவான். இலக்கியத்தில் இந்தப் பட்டியல் வியாதி நம்மை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பட்டியலுக்குப் பதிலாக ஒரு சிறு சரித்திரத்தை எழுதுகிறேன். வழியில் தட்டுகளின் பெயர்கள் வரும். வேண்டுகிறவர்கள் பொறுக்கிக்கொள்ளலாம்.

நண்பர் கடிதத்தில் இன்னொரு வாசகம் இருந்தது. 'ஆன்மாவிலிருந்து பீறிட்டு வரும் இசை' என்று எழுதியிருந்தார். ஸோல் என்ற சொல்லை ஆன்மா என்று மொழிபெயர்த்ததுமே நமக்கு உபநிஷத வாசனை வந்துவிடுகிறது. அந்தச் சொல் கறுப்பர்களின் மாதா கோயிலிலிருந்து தெருவுக்கு வந்தது. தெருவில் அதற்கு வேறு பல அர்த்தங்களும் சேர்ந்துகொண்டன. அது கிடக்கட்டும். 'பீறிட்டு' என்பதுதான் என்னை உறுத்துகிறது. கறுப்பு இசையைப் பற்றிப் பரிவோடு எழுதுகிற வெள்ளை விமர்சகர்களும் நெடுங்காலம் இப்படித்தான் எழுதினார்கள்: ரத்தத்தில் ஊறியது, இயல்பாய் வருவது, கட்டுக்கடங்காதது. கேட்கப் பாராட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவனுடைய உழைப்பை ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிவிட்டால் அதற்குக் கூலி பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதும் இவ்வளவுதான். இந்த இசை பீறிடவில்லை, செய்யப்பட்டது. சில மனிதர்கள், ஒரு குறிப்பிட்ட கட்டடத்தில், குறிப்பிட்ட மணி நேரங்களில், சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ செய்தார்கள்.

என் உதாரணம் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் கம்பெனி. இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அது போகப் போகத் தெரியும்.

2

டென்னஸி மாநிலத்து மெம்ஃபிஸில் ஜிம் ஸ்டூவர்ட் என்று ஒரு வெள்ளைக்காரர் ஒரு வங்கியில் குமாஸ்தா. பகலில் வங்கி; இரவில் கிராமிய இசைக் குழுக்களில் பிடில் வாசிப்பார். 1957ல் ஸாட்டிலைட் என்ற பெயரில் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். கையில் காசில்லை, நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் இல்லை. அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன். அந்த அம்மாளும் வங்கியில்தான் வேலை பார்த்தார். யூனியன் ப்ளாண்டர்ஸ் என்பது அந்த வங்கியின் பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1958ல் அந்த அம்மாள் கணவரைச் சம்மதிக்க வைத்து, தம் வீட்டை அடமானம் வைத்து, கிடைத்த 2,500 டாலரில் தம்பிக்கு ஓர் ஆம்பெக்ஸ் ஒலிப்பதிவுக் கருவி வாங்கிக் கொடுத்தார். இருவர் பெயரின் முதல் இரண்டிரண்டு எழுத்துக்களைச் சேர்த்து 1961ல் உண்டான பெயர்தான் ஸ்டாக்ஸ்.

1960ல் கிழக்கு மக்லெமோர் அவென்யூவில், 926ம் இலக்கத்தில், மூடிக்கிடந்த காப்பிடல் என்ற சினிமாக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். அது கறுப்பர்கள் குடியேறி வந்துகொண்டிருந்த பகுதி. நாற்காலிகளைப் பிடுங்கி எடுத்தார்கள். ஆனால் சரிவாக இருந்த தரையைச் சமன்படுத்தப் பணமில்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். மேடை இருந்த இடம் கட்டுப்பாட்டு அறையாயிற்று. மிட்டாய் விற்ற முன்பக்கம் எஸ்டெல் அம்மாளின் இசைத்தட்டுக் கடையாயிற்று. சரிந்த தரையும் உயர்ந்த கூரையும் கொண்ட அந்த அறையில் சப்தம் ஒரு தினுசாகச் சுற்றி வந்தது. வேறெங்கும் பதிவாகாத ஓர் ஆழம் அந்தத் தட்டுகளில் இருக்கிறது. தெரிந்து செய்தது அல்ல, வறுமையால் நேர்ந்தது. ஆனால் நேர்ந்ததைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரிந்ததே, அது தெரிந்து செய்தது.

கடையும் லேசுப்பட்ட விஷயமல்ல. தெருப் பிள்ளைகள் வந்து மணிக்கணக்கில் நின்று பாட்டுக் கேட்பார்கள். எந்தத் தட்டுக்குக் கால் ஆடுகிறது, எதற்கு ஆடவில்லை என்று அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருப்பார். பார்த்ததை உள்ளே இருக்கிறவர்களுக்குச் சொல்வார். ஸ்டீவ் க்ராப்பர் என்ற வெள்ளைக்காரப் பையன் கடைக் கல்லாவில் நின்றான். புக்கர் டி. ஜோன்ஸ் என்ற கறுப்புப் பையன் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து நிற்பான். எதிர்ச்சாரியில் மளிகைக் கடையில் வேலை பார்த்த டேவிட் போர்ட்டர் தெருவைத் தாண்டி வந்து பாட்டெழுத வாய்ப்புக் கேட்டான். விமர்சனமும் வியாபாரமும் ஒரே கல்லாவில் நடந்த இடம் அது. நம்முடைய பத்திரிகைகளுக்கு அப்படி ஒரு கடை வாய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் யோசித்திருக்கிறேன்.

3

முதலில் கேட்க வேண்டியது 1962ல் வந்த 'க்ரீன் ஆனியன்ஸ்'. பாட்டுக் கிடையாது, வாத்தியம் மட்டும். வேறொரு பாடகருக்காக ஏற்பாடு செய்த நாளில் கிடைத்த ஓய்வு நேரத்தில் நான்கு பேர் சும்மா வாசித்துப் பார்த்தது. புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது 17 வயது, ஆர்கன் அவன். கிடார் க்ராப்பர். பேஸ் கிடார் லூயி ஸ்டைன்பெர்க். பின்னால் அந்த இடத்துக்கு டொனால்ட் டன் வந்தார். ட்ரம்ஸ் அல் ஜாக்ஸன். டன் வந்த பிறகு இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர். தெருவில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாத ஊரில், கதவைச் சாத்திக்கொண்ட அறைக்குள் நான்கு பேரும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். புக்கர் டி. அண்ட் த எம்.ஜி.ஸ் என்று குழுவுக்குப் பெயர். கம்பெனியின் எல்லாப் பாடகர்களுக்கும் பின்னால் வாசித்தது இவர்கள்தான். புக்கர் டி. இண்டியானா பல்கலைக்கழகத்தில் இசை படித்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் ஊருக்கு வந்து வாசித்துவிட்டுப் போனான். அவன் இல்லாத நாட்களில் ஐஸக் ஹேய்ஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பீறிடுகிற இசைக்கு யாராவது பல்கலைக்கழகத்துக்குப் போவார்களா?

இந்தத் தட்டில் கவனிக்க வேண்டியது எதை வாசிக்காமல் விட்டார்கள் என்பதை. க்ராப்பரின் கிடார் நிறைய இடங்களில் பேசாமலே இருக்கிறது. பேசும்போது ஓர் அரை வாக்கியம். அல் ஜாக்ஸன் ஒரு வாத்தியக் குழுத் தலைவரின் மகன். அவருடைய ட்ரம்ஸில் அலங்காரம் என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வந்த அடியே திரும்ப வருகிறது, ஆனால் சலிப்பதில்லை. நம் வசனத்தில் மௌனியைப் பற்றிப் பேசும்போது சிக்கனம் என்ற வார்த்தையை உபயோகிக்கிறோம். இங்கேயும் அதே வார்த்தைதான் எனக்கு அகப்படுகிறது.

1965ல் இந்தச் சிக்கனத்துக்குள் ஒரு நுட்பம் சேர்ந்தது. அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர் வில்ஸன் பிக்கெட் என்ற பாடகரை மெம்ஃபிஸுக்குக் கூட்டி வந்திருந்தார். 'இன் த மிட்நைட் அவர்' பதிவின்போது வெக்ஸ்லர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வெளியே வந்து, அப்போது வடக்கே பிரபலமாயிருந்த ஒரு நடனத்தை ஆடிக் காட்டினார். நான்கு அடிகளில் இரண்டாவதும் நான்காவதும் ஒரு மயிரிழை பிந்தி விழ வேண்டும் என்பது சேதி. ஜாக்ஸனும் க்ராப்பரும் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஸ்டாக்ஸ் தட்டுகளில் அந்த அடி பிந்தியே விழுகிறது. கேட்கிறவன் உடம்பு முன்னால் சாய்ந்து காத்திருக்கிறது. அடி வந்து அதை ஏந்திக்கொள்கிறது. இதற்கு நேர் எதிரான காரியத்தை அதே ஆண்டுகளில் ஜேம்ஸ் ப்ரௌன் செய்துகொண்டிருந்தார். 1967ல் வந்த 'கோல்ட் ஸ்வெட்' தட்டைக் கேளுங்கள். பாரம் முழுவதும் முதல் அடியில், நாம் சமம் என்று சொல்கிறோமே அந்த இடத்தில். மற்ற வாத்தியங்கள் எல்லாம் மெட்டை விட்டுவிட்டுத் தாளத்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஃபங்க் என்பது அங்கே பிறந்தது. ஸோல் காத்திருக்கிறது, ஃபங்க் காலை ஊன்றி நிற்கிறது. இவ்வளவு வித்தியாசத்தைக் காதால் பிரித்தறிந்துவிட்டால் போதும், மீதி நூல்களில் இருக்கிறது.

ஜேம்ஸ் ப்ரௌனிடம் ட்ரம்ஸ் வாசித்த க்ளைட் ஸ்டபிள்ஃபீல்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1969ல் பதிவாகி 1970ல் வெளியான 'ஃபங்க்கி ட்ரம்மர்' தட்டில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, அவர் தனியாகச் சில விநாடிகள் வாசிக்கிறார். 1980களிலிருந்து அந்த விநாடிகளை வெட்டி எடுத்து எண்ணற்ற ராப் பாடல்களுக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். பாட்டை இயற்றியவர் என்ற இடத்தில் ஸ்டபிள்ஃபீல்டின் பெயர் இல்லை. ஆகவே பங்கும் இல்லை. அவர் 2017ல் காலமானார். ரத்தத்தில் ஊறியதற்கு யார் ராயல்டி கொடுப்பார்கள்?

4

இரண்டாவது தட்டு, 1965ல் வந்த 'ஓடிஸ் ப்ளூ'. ஓடிஸ் ரெட்டிங் 1962ல் வேறொரு கிடார்க்காரருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு ஸ்டாக்ஸுக்கு வந்தவர். அன்றைய பதிவு முடிந்து மிச்சமிருந்த நேரத்தில் கெஞ்சிக் கேட்டு ஒரு பாட்டுப் பாடினார். மூன்று வருஷத்தில் கம்பெனியே அவர்தான் என்றாயிற்று. 'ஓடிஸ் ப்ளூ'வின் 11 பாடல்களில் 10 பாடல்கள் 1965 ஜூலையில் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் பதிவாயின. நடுவில் நான்கு மணி நேரம் இடைவேளை. எதற்கு? வாத்தியக்காரர்களுக்கு அன்று இரவு க்ளப்புகளில் வாசிக்கிற வேலை இருந்தது. போய் வாசித்துவிட்டு, விடியற்காலை இரண்டு மணிக்குத் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார்கள். இந்த விவரத்தைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தட்டு எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. சோர்வு கேட்கிறது என்று சொன்னால் பொய். சோர்வுக்கு இடங்கொடாத ஒரு பழக்கம் கேட்கிறது.

ட்ரம்பெட், ஸாக்ஸஃபோன்காரர்களுக்கு எழுதி வைத்த ஸ்வரம் கிடையாது. ரெட்டிங் வாயாலேயே பாடிக் காட்டுவார், அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் அந்த ஊதல்கள் பக்கவாத்தியமாக இல்லாமல் இரண்டாவது பாடகனாக இருக்கின்றன. இதே தட்டில் ரெட்டிங் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்' இருக்கிறது. வேலை செய்து களைத்து வீட்டுக்கு வருகிற ஆண் கேட்கிற மரியாதை அது. 1967ல் அரீத்தா ஃப்ராங்க்ளின் அதைப் பாடினபோது கேட்கிறவள் பெண்ணாகிவிட்டாள், அர்த்தம் தலைகீழாயிற்று. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது, ஒரு பிரதியைப் பற்றி நாம் எழுதும் பல கட்டுரைகளைவிடப் பயனுள்ள காரியம்.

1967 டிசம்பர் 10ம் தேதி விஸ்கான்ஸின் மாநிலத்தில் மோனோனா ஏரியில் ரெட்டிங் பயணம் செய்த விமானம் விழுந்தது. அவரும், கூட வந்த பார்-கேஸ் குழுவின் நான்கு இளைஞர்களும் இறந்தார்கள். தப்பியவர் பென் காலி ஒருவர். வேறு விமானத்தில் வந்த ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் பிழைத்தார். விபத்துக்குச் சில நாட்கள் முன் பதிவான 'டாக் ஆஃப் த பே' 1968 ஜனவரியில் வெளியாகி அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போயிற்று. இறந்தவர் ஒருவரின் தட்டு அங்கே முதலிடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை.

5

இனிமேல்தான் என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி.

ஸ்டாக்ஸ் தட்டுகளை நாடு முழுவதும் விநியோகித்தது நியூயார்க்கின் அட்லாண்டிக் கம்பெனி. முதலில் எல்லாம் வாய்வார்த்தை, கைகுலுக்கல். 1965ல் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வந்தது. ஜிம் ஸ்டூவர்ட் வக்கீலிடம் காட்டவில்லை. முழுக்கப் படிக்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டார். அட்லாண்டிக்கை வார்னர் வாங்கியபோது, 1968ல் உறவை முறித்துக்கொள்ளலாம் என்று காகிதத்தை எடுத்துப் பார்த்தால், அட்லாண்டிக் விநியோகித்த எல்லா மூலப் பதிவுகளும் அட்லாண்டிக்கின் சொத்து என்று அதில் இருந்தது. 'க்ரீன் ஆனியன்ஸ்' போயிற்று. ரெட்டிங்கின் குரல் போயிற்று. ஸாம் அண்ட் டேவ் இருவரும் அட்லாண்டிக்கின் ஆட்கள் என்பதால் அவர்களும் திரும்பப் போனார்கள். எட்டு வருஷ வேலை ஒரு ஷரத்தில் கைமாறிவிட்டது.

ஸ்டூவர்ட் ஒரு வங்கிக் குமாஸ்தா. அடுத்தவன் கையெழுத்தைச் சரிபார்ப்பது எங்கள் பிழைப்பு. நம் சொந்தக் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மட்டும் தோன்றுவதில்லை.

அதே வருஷம் ஏப்ரல் 4ம் தேதி மார்ட்டின் லூதர் கிங் அதே மெம்ஃபிஸில் கொல்லப்பட்டார். துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்திருந்தார். அவர் விழுந்த லோரெய்ன் மோட்டல் கறுப்பர் ஒருவருக்குச் சொந்தமானது. ஸ்டாக்ஸின் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டு எழுத அந்த ஊரில் கிடைத்த சில இடங்களில் ஒன்று. 'நாக் ஆன் வுட்' என்ற பாட்டை எடி ஃப்ளாய்டும் க்ராப்பரும் எழுதியது அங்கேதான். ஒரே கட்டடத்தில் அந்தப் பாட்டும் நடந்தது, அந்தக் கொலையும் நடந்தது. இதை வைத்து அழகான குறியீடு பண்ணிவிடலாம். வேண்டாம். மோட்டலுக்கு அர்த்தம் எதுவும் இல்லை. வேறு இடத்தில் சேர்ந்து உட்கார விடாத சட்டத்துக்கும் பழக்கத்துக்கும்தான் அர்த்தம் இருக்கிறது.

6

கையில் ஒரு பழைய பதிவுகூட இல்லாமல் கம்பெனியை மறுபடி நடத்தியவர் அல் பெல். 1965ல் வந்து சேர்ந்தவர், கறுப்பர், முன்பு வானொலி அறிவிப்பாளர். 1969ன் மத்தியில் ஒரே வீச்சில் 27 எல்.பி.க்களை வெளியிட்டார். பறிபோன கிடங்கை நிரப்ப வேண்டுமே. அந்த 27ல் ஒன்று, எண்ணிக்கைக்காகச் செய்தது என்றுகூடச் சொல்லலாம், ஐஸக் ஹேய்ஸின் 'ஹாட் பட்டர்ட் ஸோல்'. என் மூன்றாவது தட்டு.

இதில் மொத்தம் நான்கே பாட்டு. 'பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்' 18 நிமிஷத்துக்கு மேல். க்ளென் காம்ப்பெல் பாடிப் புகழ் பெற்ற, மூன்று நிமிஷத்துக்கும் குறைவான வெள்ளை மெட்டு அது. ஹேய்ஸ் பாட ஆரம்பிக்குமுன் ஆர்கனை ஒரே ஸ்தானத்தில் நிறுத்திவிட்டு நிமிஷக்கணக்கில் பேசுகிறார். அந்த மனிதன் ஏன் கிளம்பிப் போகிறான், அவள் என்ன செய்தாள், இவன் எத்தனை தடவை திரும்பி வந்தான் என்று. மூலப் பாட்டில் இல்லாத கதை. பிறகு பாட்டு வரும்போது அது தீர்ப்பு மாதிரி வருகிறது. கறுப்புப் பாடகன் என்றால் மூன்று நிமிஷத் தட்டுத்தான், எல்.பி. என்பது வெள்ளையர் சமாசாரம் என்று வியாபாரிகள் நினைத்துக்கொண்டிருந்ததை இந்தத் தட்டு உடைத்தது. பார்-கேஸில் பிழைத்த ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் இதில் பேஸ் வாசிக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான்காவது, 1972ல் வந்த ஸ்டேப்பிள் ஸிங்கர்ஸின் 'பி ஆல்டிட்யூட்: ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்'. அப்பாவும் பெண்களும் பாடுகிற தேவாலயக் குடும்பம். அந்த வருஷம் ஆகஸ்ட் 20ல், லாஸ் ஏஞ்சலிஸ் கொலீஸியத்தில், வாட்ஸ் பகுதிக் கலவரத்தின் நினைவாக ஸ்டாக்ஸ் நடத்திய கச்சேரிக்கு ஒரு டாலர் டிக்கெட்டில் லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ஆனால் இந்தத் தட்டின் வாத்தியம் மெம்ஃபிஸில் பதிவானது அல்ல; அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் என்ற சிற்றூரில் வெள்ளைக்கார வாத்தியக்காரர்கள் வாசித்தது. 'ஐ'ல் டேக் யூ தேர்' பாட்டின் அடித்தாளமோ ஜமைக்காத் தட்டு ஒன்றிலிருந்து வந்தது. ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் விளக்க வேண்டும்.

7

1972ல் அல் பெல் ஸி.பி.எஸ்.ஸோடு விநியோக ஒப்பந்தம் செய்தார். செய்துகொண்ட அதிகாரி க்ளைவ் டேவிஸ் 1973 மே மாதம் வெளியேற்றப்பட்டார். பின்னால் வந்தவர்களுக்கு அக்கறை இல்லை. தட்டுகள் கடைக்குப் போய்ச் சேரவில்லை. ஸ்டாக்ஸ் கடன் வாங்கிற்று. கொடுத்த வங்கி யூனியன் ப்ளாண்டர்ஸ். எஸ்டெல் அம்மாள் வேலை பார்த்த அதே வங்கி. கடன் 10 மில்லியன் டாலரைத் தாண்டிற்று. அந்தச் சமயம் வங்கியே தள்ளாடிக்கொண்டிருந்தது. ஓட்டைகளை அடைக்க வேண்டிய நெருக்கடி. பழைய முதலாளி ஸ்டூவர்ட் தன் சொந்தச் சொத்தை ஈடு கொடுத்தார், எல்லாம் போயிற்று. 1975 அக்டோபர் 1ல் அல் ஜாக்ஸன் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 19ல் ஸ்டாக்ஸின் கதவு சாத்தப்பட்டது. அல் பெல் மேல் வங்கி மோசடி வழக்குத் தொடுத்தார்கள். 1976ல் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. தண்டனை பெற்றது வங்கியின் முன்னாள் அதிகாரி. கொட்டகை பின்னால் ஒரு மாதா கோயிலுக்குப் பத்து டாலருக்குப் போய், 1989ல் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் அதே உருவில் கட்டி 2003ல் திறந்த காட்சிசாலை இப்போது இருக்கிறது. தரையைச் சரிவாகவே போட்டிருக்கிறார்கள்.

வங்கியை வில்லனாக்கிக் கட்டுரையை முடிப்பது சுலபம். பாக்கி வைத்தவனிடம் வசூலிக்காத வங்கி எங்கே இருக்கிறது? எனக்கு அந்தப் பேரேட்டின் இரண்டு பக்கமும் தெரியும். அதில் எழுத இடமில்லாத ஒன்றுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஒரு மயிரிழை பிந்தி விழும் அடியை எந்தப் பத்தியில் வரவு வைப்பது? கட்டடம், கருவி, மூலப் பதிவு எல்லாவற்றுக்கும் விலை போட்டார்கள். ஜாக்ஸனின் அடிக்குப் போடவில்லை. போட்டிருந்தால் அதுவும் ஜப்தியாகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

ஸ்டாக்ஸ் தட்டுகளை மொத்தமாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1959 முதல் 1968 வரையிலான பாடல்களின் பெட்டியை 1991ல் அட்லாண்டிக் வெளியிட்டது. அதற்குப் பிறகானவற்றின் பெட்டிகளை, ஏலத்தில் போன மிச்சத்தை வாங்கிய ஃபான்டஸி கம்பெனி வெளியிட்டது. ஒரே வாத்தியக்காரர்கள், ஒரே அறை. அலமாரியில் நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு சங்கீதத்தில் இல்லை. ஒரு மனிதன் படிக்காமல் போட்ட கையெழுத்து அது.

என் கவுண்டருக்கு தினமும் கடன் மனுவோடு ஜனங்கள் வருகிறார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. யாரும் படிப்பதில்லை. வரிசை நீளமாக இருப்பதால் நானும் படிக்கச் சொல்வதில்லை. 'ஓடிஸ் ப்ளூ'வைத் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு வயதான அம்மாளிடம், "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கம்மா" என்றேன். "நீயே படிச்சுச் சொல்லிடு தம்பி" என்றார். படித்துச் சொன்னேன். பதினேழு நிமிஷம் ஆயிற்று. பின்னால் நின்றவர்கள் சப்தம் போட்டார்கள். ஹேய்ஸின் பாட்டு இதைவிட நீளம் என்று அவர்களிடம் சொல்ல முடியாது.